நடுக்களம் ஆண்ட நங்கை

(மூன்றாமாண்டு, இளங்கலை வரலாறு)

முன்னுரை

கால்பந்தாட்டம் பற்றிப் பேச்செழுந்தால் கோல் அடித்தவர் யார் என்ற வினாவே நம்மிடையே முதலில் எழுகிறது. அதற்கடுத்துக் கோலைத் தடுத்தவர் யார் என்று கேட்பார்கள். இவ்விருவருக்கும் இடையில் நின்று, ஆட்ட நேரம் முழுவதும் ஓடி, பந்தை வாங்கி, திசை திருப்பி, உரியவரிடம் சேர்த்து, இழந்த பந்தை மீட்டு, பதினொரு பேரை ஓர் அணியாகக் கட்டி வைத்திருப்பவர் யார் என்று கேட்பவர் மிகச் சிலரே. அவர்தாம் நடுக்கள ஆட்டக்காரர். வீட்டில் எல்லோரையும் உண்ண வைத்துவிட்டுத் தாம் உண்ணாதிருக்கும் தாயின் உழைப்பைப் போன்றது அவருடைய உழைப்பு. அது இருக்கும்வரை எவர் கண்ணிலும் படுவதில்லை; இல்லாமற் போனால்தான் தெரிகிறது.

அத்தகைய உழைப்பால் நாடறியப் புகழ் பெற்ற தமிழ்ப் பெண் ஒருவரின் ஆட்ட வாழ்க்கையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அவர் கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2023-24ஆம் ஆண்டின் சிறந்த வீராங்கனையாகத் தேர்ந்தெடுத்தவர் அவரே. கிரிக்கெட் வீரர்களின் ஓட்டக் கணக்கை விரல் நுனியில் வைத்திருக்கும் நாம், தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் மின்ரயில் ஏறி வகுப்புக்கு வரும் நாம், அவர் பெயரை எத்தனை பேர் அறிவோம்? இவ்வினாவுக்கு நேர்மையாக விடை காண வேண்டுமானால், ஆட்டத்தின் இயல்பு, அதில் பெண்கள் நடந்து வந்த பாதை, இந்துமதியின் வளர்ச்சி ஆகிய மூன்றையும் முறையாக நோக்குதல் வேண்டும்.

நடுக்களம் என்பது யாது?

பன்னாட்டுப் போட்டிகளுக்குரிய கால்பந்துக் களம் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உடையது. நமக்குப் பழக்கமான அளவில் சொன்னால், நாம் நாள்தோறும் ஏறும் மின்ரயிலின் பெட்டிகள் ஐந்தை வரிசையாக நிறுத்தினால் ஏறக்குறைய அந்த நீளம் கிடைக்கும். இப்பரப்பில் பின்களத்தார் பெரும்பாலும் தம் கோலுக்கு முன்பும், முன்களத்தார் பெரும்பாலும் எதிரணியின் கோலுக்கு அருகிலும் நிற்பர். நடுக்களத்தாருக்கோ இவ்வாறான எல்லை எதுவும் இல்லை. தேர்ந்த நடுக்கள ஆட்டக்காரர் ஓர் ஆட்டத்தில் 10 கிலோமீட்டருக்கும் மேல் ஓடுவதுண்டு. தாம்பரத்திலிருந்து பரங்கிமலை வரை தண்டவாளத்தின் ஓரமாக ஓடுவதற்கு அது ஏறத்தாழ ஒப்பாகும். அதுவும் ஒரே சீராக ஓடும் ஓட்டமன்று. நின்று, திரும்பி, பாய்ந்து, மீண்டும் நின்று, எதிரியின் தோளோடு தோள் மோதி ஓட வேண்டிய ஓட்டம்.

நடுக்கள ஆட்டத்தின் கடமைகளை மூன்றாக வகுத்துக் காணலாம். முதலாவது, காத்தல். எதிரணி பந்துடன் முன்னேறும்போது அதன் வழியை அடைத்து, பின்களத்துக்கு அவகாசம் தேடித் தருவது. இரண்டாவது, இணைத்தல். பின்களத்திலிருந்து வரும் பந்தை வாங்கி, யார் தனித்து நிற்கிறார் என்று கண்டு அவரிடம் சேர்ப்பது. மூன்றாவது, தாக்குதல். முன்களத்தாரை எதிரணியினர் சூழ்ந்துகொண்ட வேளையில், பின்னாலிருந்து எவரும் எதிர்பாராத வகையில் வந்து தாமே கோல் அடிப்பது.

இம்மூன்றுக்கும் அடிப்படையாக ஒரு பழக்கம் உண்டு. பந்து தம் காலுக்கு வருமுன்பே இடப்புறமும் வலப்புறமும் பார்த்து வைத்துக்கொள்ளும் பழக்கம் அது. பந்து வந்தபின் பார்ப்பவர் பந்தை இழப்பார். பார்த்து வைத்திருப்பவர் ஒரே தொடுதலில் ஆட்டத்தின் போக்கையே மாற்றுவார். எனவே, காலின் திறமையைக் காட்டிலும் கண்ணின் திறமையும் கருத்தின் விரைவுமே நடுக்களத்தாரை உருவாக்குகின்றன எனலாம். இத்திறமை இளமையிலேயே பல நூறு ஆட்டங்களை ஆடிப் பழகினாலொழிய வாய்ப்பதில்லை. இக்கருத்தை நினைவில் கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதற்கு வேலை உண்டு.

மறுக்கப்பட்ட களம்

பெண்கள் கால்பந்து நேற்று முளைத்ததன்று. முதல் உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்தின் தொழிற்சாலைப் பெண்கள் அணி சேர்ந்து ஆடினர். அவர்தம் ஆட்டங்களைக் காணப் பல்லாயிரவர் திரண்டனர். ஆனால் 1921ஆம் ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், தன்னைச் சார்ந்த கழகங்களின் திடல்களில் பெண்கள் ஆடக்கூடாதென்று தடை விதித்தது. இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதன்று என்பது அவர்கள் சொன்ன காரணம். ஏறத்தாழ ஐம்பதாண்டுக் காலம் நீடித்த அத்தடை 1970-71இல்தான் நீங்கிற்று. ஆட்டத்தை எவரும் தடுக்கவில்லை, திடலைத்தான் தடுத்தார்கள். திடலைத் தடுத்தால் ஆட்டம் தானே நின்றுவிடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

ஆசியாவில் பெண்கள் கால்பந்து 1970களில் எழுச்சி பெற்றது. 1975ஆம் ஆண்டு ஆங்காங்கில் முதல் ஆசியப் பெண்கள் போட்டி நடைபெற்றது. அதே ஆண்டில் இந்தியப் பெண்கள் கால்பந்துக் கூட்டமைப்பும் தோன்றியது. ஆசியப் போட்டிகளில் அந்நாளில் கோலோச்சியது தைவான் தீவாகும். அரசியல் காரணங்களால் சீன தைபே என்னும் பெயரில் ஆடும் அந்த அணி 1977, 1979, 1981 ஆகிய மூன்று ஆண்டுகளின் பட்டங்களையும் தொடர்ந்து வென்றது. இவற்றுள் 1979ஆம் ஆண்டுக்குரிய போட்டி, நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தின் கோழிக்கோட்டில், 1980 சனவரியில் நடைபெற்றது. அதன் இறுதி ஆட்டத்தில் தைவானை எதிர்த்து நின்றது இந்திய அணியே. இரண்டு கோல்களுக்கு எதுவுமின்றி இந்தியா தோற்றது எனினும், ஆசியாவின் இரண்டாம் இடம் அன்று நமதாயிற்று. 1983இல் பாங்காக்கில் நடந்த போட்டியிலும் இந்தியா இறுதி வரை சென்று தாய்லாந்திடம் தோற்றது. அவ்வாண்டு சாந்தி மல்லிக் அருச்சுனா விருது பெற்றார். கால்பந்துக்காக அவ்விருது பெற்ற முதல் பெண்மணி அவரே.

இங்கு ஒரு வரலாற்றுப் பாடம் உள்ளது. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு 1991இல் சீனாவில் முதல் பெண்கள் உலகக் கோப்பையை நடத்தியபோது, தைவான் அணி அதில் கலந்துகொண்டு கால் இறுதி வரை சென்றது. கோழிக்கோட்டில் அதனோடு இறுதி ஆட்டம் ஆடிய இந்தியா அங்கே இல்லை. பதினோராண்டு இடைவெளியில் ஒன்று முன்னேறியது, மற்றொன்று பின்தங்கியது. திறமை குன்றியதால் நேர்ந்த வீழ்ச்சியன்று இது. தொடர்ந்த போட்டிகளும் ஆதரவும் இல்லாமற்போனதால் நேர்ந்தது. ஒரு தலைமுறையின் உழைப்பு அடுத்த தலைமுறையின் கைக்கு வந்து சேரவில்லை.

கடலூர் தந்த செல்வம்

இப்படி அறுந்துபோன இழையை மீண்டும் முடிச்சிட்ட தலைமுறையைச் சேர்ந்தவர் இந்துமதி. அவர் 1994ஆம் ஆண்டு சூன் 5ஆம் நாள் பிறந்தார். அவரது ஊராகிய கடலூர், தமிழ்நாட்டுப் பெண்கள் கால்பந்தின் தாயகம் எனத் தக்கது. பெருநகரங்களின் வசதிகள் இல்லாத அக்கடற்கரை மாவட்டத்திலிருந்து இந்திய அணிக்குப் பெண்கள் சென்றிருக்கின்றனர் என்பது சிந்திக்கத் தக்கது. நல்ல பயிற்சியும், நாள்தோறும் ஆடுவதற்கு ஒரு திடலும், உடன் ஆடப் பத்துப் பேரும் இருந்தால் போதும், சிற்றூரும் சிறந்த ஆட்டக்காரரைத் தரும் என்பதற்குக் கடலூரே சான்று.

தெற்காசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் பெண்கள் போட்டியில் இந்தியா 2010 தொடங்கி 2019 வரை நடந்த ஐந்து தொடர்களிலும் வாகை சூடியது. 2016ஆம் ஆண்டுக்குரிய தொடரின் இறுதி ஆட்டம் 2017 சனவரி 4 அன்று மேற்கு வங்கத்தின் சிலிகுரியில் பங்களாதேசுடன் நடந்தது. டாங்மெய் கிரேஸ் முதல் கோலை அடித்தார். பங்களாதேஷ் அதைச் சமன் செய்தது. இடைவேளைக்குப் பின் சஸ்மிதா மாலிக் பெனால்டி வாய்ப்பில் இந்தியாவை முன்னேற்றினார். ஒரு கோல் வேற்றுமை என்பது எந்நேரமும் அழியக்கூடியது. அந்நிலையில் மூன்றாவது கோலை அடித்து வெற்றியை உறுதி செய்தவர் இந்துமதி. 3-1 என்ற கணக்கில் கோப்பை இந்தியாவுக்கு வந்தது. நடுக்களத்தாரின் மூன்றாவது கடமை என்று முன்னர்க் கூறியதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டா.

2019 மார்ச்சில் நேபாளத்தின் பிராட்நகரில் அடுத்த தொடர் நடைபெற்றது. அரை இறுதியில் அதே பங்களாதேசை இந்தியா 4-0 என வென்றது. அவற்றுள் இரண்டு கோல்கள் இந்துமதி அடித்தவை. இறுதியில் நேபாளத்தை 3-1 என வென்று இந்தியா ஐந்தாம் முறையாகக் கோப்பையை ஏந்திற்று.

மணிப்பூரை வென்ற தமிழகம்

இந்தியப் பெண்கள் கால்பந்தில் மணிப்பூர் மாநிலத்துக்கு ஒப்பாக வேறொன்றைச் சொல்ல இயலாது. தேசியப் பட்டத்தை இருபது முறைக்கும் மேலாக வென்றுள்ள மாநிலம் அது. அங்கே பெண்கள் ஆடுவதை எவரும் வியந்து பார்ப்பதில்லை. ஊர்தோறும் கழகம் உண்டு, தாய் ஆடிய திடலில் மகள் ஆடுகிறாள். அத்தகைய மணிப்பூரை 2018 பிப்ரவரியில் ஒடிசாவின் கட்டக் நகரில் நடந்த தேசிய இறுதி ஆட்டத்தில் தமிழ்நாடு 2-1 என்ற கணக்கில் வென்றது. தமிழ்நாடு அப்பட்டத்தை வென்றது அதுவே முதல் முறை. 2023 சூனில் அமிர்தசரசில் அரியானாவை அதே 2-1 கணக்கில் வென்று இரண்டாம் முறையும் தமிழ்நாடு வாகை சூடியது. முதல் வெற்றியைத் தற்செயல் என்று சொன்னவர்கள் இரண்டாம் வெற்றிக்குப் பின் வாயடைத்துப் போயினர்.

கழகங்களுக்கிடையிலான இந்தியப் பெண்கள் லீக் 2016-17இல் தொடங்கியது. 2019 மே 22 அன்று லூதியானாவில் நடந்த இறுதியில், மதுரையைச் சேர்ந்த சேது கால்பந்துக் கழகம் மணிப்பூர்க் காவல்துறை அணியை 3-1 என வென்று பட்டம் பெற்றது. அதே பருவத்தில் ஆடவருக்கான ஐ-லீக் பட்டத்தைச் சென்னை சிட்டி அணி வென்றிருந்தது. ஆடவர், மகளிர் ஆகிய இரு பட்டங்களும் ஒரே ஆண்டில் தமிழ்நாட்டுக்கு வந்தன. ஆயினும் அவ்விரட்டைச் சிறப்பை நம்மில் எத்தனை பேர் கொண்டாடினோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

சேது கழகத்தின் நடுக்களத்தில் ஆடிய இந்துமதி பின்னர்க் கேரளத்தின் கோகுலம் அணிக்குச் சென்றார். 2023 மே மாதம் அகமதாபாத்தில் நடந்த இறுதியில் கோகுலம் 5-0 எனப் பெங்களூரின் கிக்ஸ்டார்ட் அணியை வென்றபோது அவரும் ஒரு கோல் அடித்தார். 2023-24 பருவத்தில் பட்டம் வென்ற ஒடிசா அணியிலும் அவர் இருந்தார். சென்ற இடமெல்லாம் பட்டம் பின்தொடர்ந்தது என்றால் அது வெறும் நற்பேறன்று. நடுக்களம் உறுதியாக உள்ள அணி வெல்லும் என்பதே இதன் பொருள்.

ஆனால் இந்த லீக்கின் குறையையும் மறைக்காமல் கூற வேண்டும். தொடக்கப் பருவங்களில் எல்லா அணிகளையும் ஒரே ஊரில் கூட்டி, சில வாரங்களில் எல்லா ஆட்டங்களையும் முடித்துவிடுவார்கள். லூதியானாவில் நடந்த போட்டி 18 நாட்களில் முடிந்தது. ஆண்டின் எஞ்சிய மாதங்களில் இவ்வீராங்கனைகள் எங்கே ஆடுவது? 2023-24இல்தான் ஏழு அணிகளும் தத்தம் ஊரிலும் எதிரணியின் ஊரிலுமாக ஆடும் முறை வந்தது. அப்போதும் ஓர் அணிக்குக் கிடைத்தவை 12 ஆட்டங்களே. பல நூறு ஆட்டங்களில்தான் நடுக்களத்தாரின் கண் பழகும் என்று முன்னர்க் கூறினோம். ஆண்டுக்குப் பன்னிரண்டு ஆட்டம் என்றால் அந்நூறுகள் நிறைவது எப்போது?

ஆடாமலே இழந்த களம்

2022 சனவரியில் ஆசியக் கோப்பைப் போட்டி இந்தியாவில் நடந்தது. மும்பை, நவிமும்பை, புனே ஆகிய ஊர்களில் ஆட்டங்கள் நிகழ்ந்தன. அடுத்த ஆண்டின் உலகக் கோப்பைக்குத் தகுதி பெறும் வாயிலும் அதுவே. இந்துமதியும், தமிழ்நாட்டின் மற்றொரு நடுக்கள வீராங்கனையான கார்த்திகா அங்கமுத்துவும் இந்திய அணியில் இடம் பெற்றிருந்தனர். சனவரி 20 அன்று ஈரானுடன் நடந்த முதல் ஆட்டம் கோலின்றிச் சமனாக முடிந்தது. அடுத்த ஆட்டம் சனவரி 23 அன்று சீன தைபேயுடன் நடைபெற வேண்டும். கோழிக்கோட்டு இறுதி ஆட்டத்தின் அதே எதிரணி! அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், 2021 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த நட்பு ஆட்டத்தில் இந்தியா அவர்களை 1-0 என வென்றிருந்தது. ஆகவே நம்பிக்கை இருந்தது.

ஆனால் அவ்வாட்டம் நடைபெறவே இல்லை. இந்திய அணியினர் பலரைக் கொரோனா தொற்றியது. போட்டி விதிப்படி குறைந்தது 13 ஆட்டக்காரராவது இருக்க வேண்டும். இந்தியாவால் அத்தனை பேரைக் களமிறக்க இயலவில்லை. ஆட்டம் கைவிடப்பட்டது. இந்தியா போட்டியிலிருந்தே விலகியதாக அறிவிக்கப்பட்டது. ஈரானுடன் ஆடியதும் கணக்கில் வராமற் போயிற்று. சொந்த மண்ணில், பல ஆண்டு உழைத்து எட்டிய வாயில், பந்தைத் தொடாமலே மூடிக்கொண்டது. தோற்றவருக்குக்கூட ஆடினோம் என்ற ஆறுதல் உண்டு. இவர்களுக்கு அதுவும் இல்லை. சீன தைபே அணியோ கால் இறுதி வரை சென்று, பெனால்டி உதைகளில் பிலிப்பைன்ஸிடம் தோற்றது.

2023 செப்டம்பரில் ஆங்சோ ஆசிய விளையாட்டில் இரு நாடுகளும் மீண்டும் சந்தித்தன. அஞ்சு தமாங் கோலடிக்க இந்தியாதான் முதலில் முந்தியது. பின்னர் இரண்டு கோல் வாங்கி 1-2 எனத் தோற்றது. முந்திய நிலையைக் காத்துக்கொள்ள இயலாமை உடல் தளர்ச்சியாலும் ஆட்டப் பழக்கக் குறைவாலும் வருவது என்பார்கள் பயிற்சியாளர்கள். ஆண்டு முழுதும் ஆடுபவருக்கும் ஆண்டில் சில வாரம் ஆடுபவருக்கும் உள்ள வேற்றுமை கடைசி இருபது நிமிடத்தில்தான் வெளிப்படுகிறது.

காக்கியும் கால்பந்தும்

ஆட்டத்தால் மட்டும் ஒரு பெண் தன் குடும்பத்தைக் காக்க இயலுமா? நம் நாட்டில் பெரும்பாலான வீராங்கனைகளுக்கு இதுவே முதற் கேள்வி. இந்துமதிக்கு விடையாக அமைந்தது தமிழ்நாடு காவல்துறை. அங்கே அவர் உதவி ஆய்வாளர். 2020இல் கொரோனாவால் விளையாட்டுலகம் முழுதும் முடங்கியபோது, அவர் சென்னையில் காவற்பணியில் நின்றார். ஊரடங்கில் வெளியே வந்தவர்களைத் தடுத்து, அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்பிய காவலர்களுள் இந்திய அணியின் நடுக்கள வீராங்கனையும் ஒருவர் என்பதை அன்று எத்தனை பேர் அறிந்திருப்பர்? அவர் பணியை உலகக் கால்பந்துக் கூட்டமைப்பும் பாராட்டியது.

காவல்துறைத் தேர்வில் விளையாட்டுக்காரர்களுக்கென ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருப்பதை நாம் அறிவோம். அதனைச் சலுகை என்று குறைத்துப் பேசுவோர் உளர். அன்று என்பேன். இருபத்தைந்து வயதில் ஆட்டத்தை விட்டு வேலை தேடிப் போக வேண்டிய பெண்ணை மேலும் பத்தாண்டு களத்தில் நிறுத்தி வைக்கும் தூண் அது. சாந்தி மல்லிக் காலத்துப் பெண்களிடமிருந்து அடுத்த தலைமுறைக்கு இழை அறுந்தமைக்கு இத்தகைய தூண் பலருக்கு இல்லாமையும் ஒரு காரணம். மாத ஊதியம் உறுதியான பின்பே மனம் பந்தின்மேல் நிலைக்கும்.

முப்பதை நெருங்கும் வயதில் இந்துமதி தம் உச்சத்தை எட்டியதை இதனோடு சேர்த்துக் காண வேண்டும். 2024 பிப்ரவரியில் துருக்கியில் நடந்த போட்டியில் இந்தியா ஐரோப்பிய நாடான எஸ்தோனியாவை 4-3 என வென்றது. நான்கில் ஒரு கோல் இந்துமதியுடையது. அத்தொடரில் இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. அவ்வாண்டிலேயே ஆண்டின் சிறந்த வீராங்கனை என்ற சிறப்பும் அவரை வந்தடைந்தது. கோல் அடிப்பவரையே கொண்டாடும் உலகில் நடுக்களத்து உழைப்புக்குக் கிடைத்த மதிப்பு அது.

நம் பகுதியும் நம் கடமையும்

இவ்வரலாறு நமக்கு, அதாவது தென்சென்னைப் புறநகரில் பயிலும் நமக்கு, என்ன சொல்கிறது?

நம் பகுதி விளையாட்டுக்கு அந்நியமானதன்று. ஆசியாவிலேயே முதலாவதாகிய உடற்கல்விக் கல்லூரியை ஒய்.எம்.சி.ஏ. 1920இல் சென்னையில் நிறுவியது; அது நந்தனத்தில் இயங்கி வருகிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்து பரந்த திடல்களுடன் அமைந்தது. வண்டலூரை அடுத்த மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் உள்ளது. உதவி ஆய்வாளர்களைப் பயிற்றுவிக்கும் தமிழ்நாடு காவலர் பயிற்சியகம் அருகிலுள்ள ஊனமாஞ்சேரியில் உள்ளது. ஆட்டம், கல்வி, வேலை என்ற மூன்று படிகளும் நம் பேருந்து செல்லும் தொலைவிலேயே இருக்கின்றன.

இல்லாதது எது? மாலை நேரத்தில் பெண்கள் ஆடுவதற்குரிய திடல். தாம்பரமும் பல்லாவரமும் பம்மலும் செம்பாக்கமும் பிறவும் ஒன்றிணைந்து 2021இல் மாநகராட்சியாயின. ஊர் பெருகியது, வெற்று மனைகள் குறைந்தன. எஞ்சியுள்ள திடல்களில் மாலையானதும் கிரிக்கெட் ஆடும் இளைஞர்கள் நிறைந்துவிடுகின்றனர். எவரும் பெண்களை ஆடக்கூடாது என்று சொல்வதில்லை. ஆனால் இடம் இல்லை, உடை மாற்ற அறை இல்லை, இருட்டியபின் வீடு திரும்ப விளக்கும் துணையும் இல்லை. 1921இல் இங்கிலாந்தில் எழுத்தில் இட்ட தடை, இங்கே எழுத்தில் இல்லாமலே நடைமுறையில் இருக்கிறது. தடை விதித்தவர் எவரும் இல்லை என்பதால் அதை நீக்கும் பொறுப்பும் எவருக்கும் இல்லாமற் போகிறது. இதுவே வருந்தத் தக்கது.

உடல்நலத்தையும் இங்கே நினைத்தல் வேண்டும். 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை உள்ளது. இரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்தால் தசைகளுக்கு உயிர்வளி போய்ச் சேராது. பத்து நிமிட ஓட்டத்திலேயே மூச்சு இரைக்கும். ஆகவே விளையாட விரும்பும் பெண் முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதும், முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, முட்டை போன்றவற்றை நாள்தோறும் உண்பதும் இன்றியமையாதவை. முழங்கால் தசைநார் அறுதல் ஆடவரைவிடப் பெண் ஆட்டக்காரர்களுக்கு மிகுதியாக நேர்கிறது. இத்தகைய காயங்களைக் குறைப்பதற்கென உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு ஏறத்தாழ 20 நிமிடத்துக்குரிய ஆயத்தப் பயிற்சி முறை ஒன்றை வகுத்துள்ளது. அதற்குச் செலவில்லை, ஒழுங்குதான் வேண்டும்.

நம் கல்லூரி செய்யக்கூடியவற்றை மூன்றாகச் சுருக்கிக் கூறுவேன். முதலாவது, வாரத்தில் மூன்று நாள், வகுப்பு முடிந்தவுடன் ஒரு மணி நேரம், திடலை மாணவியர்க்கென ஒதுக்குதல். ஒதுக்கிய நேரத்தில் வேறு எவரும் நுழையாதிருக்க மாணவ நண்பர்கள் ஒத்துழைத்தல் வேண்டும். இரண்டாவது, பதினொரு பேர் சேரும்வரை காத்திராமல் ஐவர் அணியாகத் தொடங்குதல். அதற்கு 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் போதும். சிறிய களத்தில் ஒவ்வொருவர் காலிலும் பந்து அடிக்கடி படும். நடுக்களத்தாருக்கு வேண்டிய கண்ணும் கருத்தும் அங்கேதான் விரைவில் பழகும். மூன்றாவது, அண்டைக் கல்லூரி மாணவியரோடு மாதம் ஒருமுறை ஆட்டம் வைத்துக்கொள்ளுதல். கோப்பை வேண்டா, மேடை வேண்டா. தொடர்ந்து ஆடுவது ஒன்றே வேண்டும். தைவானையும் நம்மையும் பிரித்தது இந்தத் தொடர்ச்சிதான் என்பதை வரலாறு காட்டியது.

முடிவுரை

2025 சூலை 5 அன்று தாய்லாந்தின் சியாங்மாய் நகரில் இந்தியப் பெண்கள் அணி தாய்லாந்தை 2-1 என வென்று, 2026ஆம் ஆண்டின் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. தகுதிச் சுற்றில் ஆடி வென்று அப்போட்டிக்குள் இந்தியா நுழைந்தது அதுவே முதல் முறை. அன்றைய இரண்டு கோல்களையும் அடித்தவர் சங்கீதா பாஸ்போர். அவரும் ஒரு நடுக்கள வீராங்கனையே. பின்னர்க் குழுக்கள் பிரிக்கப்பட்டபோது இந்தியாவும் சீன தைபேயும் ஒரே பிரிவில் வைக்கப்பட்டன. கோழிக்கோட்டில் தொடங்கி, நவிமும்பையில் தடைப்பட்டு, ஆங்சோவில் தோற்ற கதைக்கு மேலும் ஓர் இயல் சேர்ந்தது.

இந்துமதி கதிரேசனின் வாழ்க்கை நமக்கு உணர்த்துவது இதுதான். தனியொருவரின் திறமை பெரிது. அத்திறமையைத் தாங்கி நிற்கும் திடலும் வேலையும் தொடர்ச்சியும் அதனினும் பெரியவை. கடலூரில் ஒரு பெண்ணுக்கு அவை கிடைத்தன. அவர் நாட்டுக்கே பெருமை சேர்த்தார். தாம்பரத்திலோ மாடம்பாக்கத்திலோ மேடவாக்கத்திலோ இன்று பள்ளிச் சுவரோரம் நின்று தம்பியின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு சிறுமிக்கும் அதே கண்ணும் அதே கருத்தும் இருக்கக்கூடும். அவள் காலடிக்குப் பந்து போய்ச் சேருமா என்பது அவள் கையில் இல்லை. பந்தை வாங்கி உரியவரிடம் சேர்ப்பது நடுக்களத்தாரின் கடமை என்று கண்டோம். கல்லூரியில் பயிலும் நாம்தாம் இந்தச் சமுதாயத்தின் நடுக்களம்.